முதலில் கை நீட்டியது யார்?

1547 டிசம்பரில் ஒரு நாள். மலாக்காக் குன்றின் மேலிருந்த மாதா கோயிலில் கல்யாணச் சடங்கு நடந்துகொண்டிருந்தது. அப்போது ஜோர்ஜ் ஆல்வாரஸ் என்ற போர்த்துக்கீசியக் கப்பல் தலைவர் ஜப்பானியர் ஒருவரை உள்ளே அழைத்து வந்தார். அவர் பெயர் அஞ்சிரோ, ஊர் ககோஷிமா. ஊரில் ஒருவரைக் கொன்றுவிட்டுத் தப்பி ஓடிக் கப்பலேறியவர். கடலைத் தாண்டியும் அந்தக் கொலை அவரை விடவில்லை. கப்பலில் மனம் விட்டுப் பேசியபோது, மலாக்காவில் பிரான்சிஸ் சவேரியார் என்றொரு குருவானவர் இருக்கிறார், அவரைப் போய்ப் பாருங்கள் என்று சொல்லியனுப்பினார்கள். முதல் தடவை வந்தபோது சவேரியார் மலுக்குத் தீவுகளுக்குப் போயிருந்தார். மனம் சலித்து ஊர் திரும்பப் புறப்பட்டவரைப் புயல் வழிமறித்தது. மறுபடியும் மலாக்காவுக்கே வந்தார். இந்தத் தடவை குருவானவர் இருந்தார்.

அஞ்சிரோ மனத்தில் சுமந்து வந்தது கிறிஸ்தவ சமயத்தின் மிகப் பழைய வழக்கு. மனிதன் தவறுகிறானா, தவறாமல் இருக்கவே முடியாதவனாகப் பிறக்கிறானா? விழுந்தவன் தானே எழுந்து கடவுளைத் தேடி வர முடியுமா, கடவுள்தான் முதலில் கை நீட்ட வேண்டுமா? அவர் நீட்டிய கையை மனிதன் உதறிவிட முடியுமா? ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெலாகியுஸ் என்ற துறவி, மனிதன் மனம் வைத்தால் நல்வழியில் நடக்க முடியும் என்று போதித்தார். வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீன் விடவில்லை. ஆதாமின் வீழ்ச்சிக்குப் பின் மனித சித்தமே நோயுற்றுக் கிடக்கிறது, அருள் முந்திக்கொண்டு வராமல் எவனும் எழ மாட்டான் என்றார். 418ல் கார்த்தேஜ் நகரில் கூடிய ஆயர்கள் பெலாகியுஸின் போதனையைத் தள்ளினார்கள். ஆனால் வழக்கு முடியவில்லை. ஐரோப்பாவில் அது வெடித்த போதெல்லாம் அதன் ஒரு கிளை கப்பலேறி மலாக்காவுக்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்து கிழக்கே ஜாசின் வட்டாரத்துத் தோட்டங்கள் வரை போய், லயத்து வீடுகளிலும் குடியேறியது.

சவேரியார் மலாக்காவுக்கு முதலில் வந்தது 1545ல். அதற்கு முன்பே தமிழ்நாட்டு முத்துக்குளித்துறையில் பரதவர் ஊர்களில் ஊழியம் செய்தவர். 1542ல் தூத்துக்குடியில் இருமொழியும் தெரிந்தவர்களை உட்காரவைத்து, விசுவாசப் பிரமாணம், கட்டளைகள், பாவ அறிக்கை மன்றாட்டு ஆகியவற்றைத் தமிழில் எழுதவைத்தார். கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டினார். மலாக்காவிலும் இதே வேலைதான், மொழி மட்டும் மலாய். இரவானால் மணியடித்தபடி நடந்து, உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்காகவும் சாவான பாவத்தில் கிடப்பவர்களுக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள் என்று ஊரைக் கேட்டுக்கொண்டார். துறைமுகப் பட்டினத்தில் அந்த மணிச் சத்தம் எத்தனை பேர் தூக்கத்தைக் கலைத்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம்.

அஞ்சிரோ மலாக்கா வந்த அதே 1547ன் ஜனவரி 13 அன்று, இத்தாலியில் திரெந்து நகரப் பொதுச்சங்கம் இந்த வழக்குக்குக் கத்தோலிக்கத் தீர்ப்பை எழுதியிருந்தது. சவேரியாரின் தோழர்களான லாயினெஸ், சால்மெரோன் இருவரும் அங்கே இறையியல் அறிஞர்களாக இருந்தார்கள். எதிர்த்தரப்பில் இருந்தவர் மார்ட்டின் லுத்தர். எராஸ்முஸ் 1524ல் மனித சித்தத்தின் சுதந்திரத்துக்காக எழுதியதற்கு, சித்தம் அடிமைப்பட்டது என்று 1525ல் பதில் நூலே எழுதியவர். திரெந்து நடுவழியில் நின்றது. முதல் அடி கடவுளுடையது, அதில் மறுபேச்சில்லை. ஆனால் பாவத்தால் மனித சித்தம் நலிந்ததே தவிர சாகவில்லை, வந்த அருளுக்கு இசையவும் மறுக்கவும் அதனால் முடியும் என்றது.

அஞ்சிரோவுக்கு இந்தத் தீர்ப்பின் வாசகம் தேவைப்படவில்லை. அவர் கோவாவுக்குப் போய், 1548ல் ஞானஸ்நானம் பெற்றுப் பவுல் ஆனார். 1549ல் சவேரியாரைத் தம் ஊருக்கே அழைத்துப் போனார். ஜப்பானில்தான் சவேரியார் எதிர்பாராத கேள்வி ஒன்றைச் சந்தித்தார். ஞானஸ்நானம் பெற்றவர்கள், எங்கள் அப்பனும் பாட்டனும் இதைக் கேள்விப்படாமலே செத்தார்களே, அவர்களுக்கு வழி என்ன என்று கேட்டு அழுதார்கள். வழியில்லை என்றுதான் அவர் கற்றுவந்த போதனை சொன்னது. அந்த அழுகையைப் பார்த்துத் தம் மனமும் நொந்ததை 1552 ஜனவரியில் எழுதிய நீண்ட கடிதத்தில் அவரே பதிவு செய்திருக்கிறார். அருளைப் பற்றிய எந்த நூலை விடவும் அந்தக் கடிதத்துக்கு எடை அதிகம்.

சவேரியாருக்குப் பின் முத்துக்குளித்துறையை ஏற்ற ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார் 1578ல் கொல்லத்தில் அச்சிட்ட தம்பிரான் வணக்கத்தைத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். இரண்டு ஆண்டு கழித்துக் கொச்சியில் அவர் அச்சிட்ட ‘கொம்பெசியோனாயரு’வை அறிந்தவர் குறைவு. அது பாவசங்கீர்த்தனக் கையேடு. தமிழில் அச்சேறிய முதல் சில புத்தகங்களுள் ஒன்று, மனிதன் தன் மனசாட்சியைத் தானே துருவிப் பார்ப்பதற்காக ஆக்கப்பட்டது என்பது சின்ன விஷயமல்ல. முழங்கால் படியிட்டு, நான் செய்தேன் என்று தன் வாயால் சொல்பவன் தன்னைச் சுதந்திரமுள்ளவனாக ஒப்புக்கொள்கிறான். தலைவிதி செய்தது என்றோ, போன பிறவி வினை என்றோ அங்கே சொல்ல முடியாது. மதுரையில் ராபர்ட் தெ நொபிலியும் பின்னால் இதே புள்ளியைப் பிடித்துக்கொண்டுதான் தலைவிதியையும் மறுபிறப்பையும் மறுத்துத் தமிழில் எழுதினார்.

1641 ஜனவரியில் மலாக்கா டச்சுக்காரர் கைக்கு மாறியது. கூடவே அருளைப் பற்றிய போதனையும் மாறியது. நெதர்லாந்தில் ஆர்மீனியுஸ் என்ற இறையியல் பேராசிரியர், கடவுளின் அருள் எல்லார்க்கும் உரியது, மனிதன் அதை மறுக்கவும் கூடும் என்று கற்பித்து 1609ல் இறந்தார். மறு ஆண்டே அவருடைய வழி வந்தவர்கள் ஐந்து பிரிவுகள் கொண்ட முறையீடு ஒன்றை எழுதி அரசுக்குக் கொடுத்தார்கள். அதைத் தீர்க்கத்தான் 1618 நவம்பரில் தோர்த் நகரில் சங்கம் கூடியது. கடவுள் யாரை மீட்பது என்று அநாதியாகத் தேர்ந்துவிட்டார், தேர்ந்துகொள்ளப்பட்டவன் அவருடைய அருளை எதிர்த்து நிற்க முடியாது என்று அது தீர்ப்பளித்தது. ஆர்மீனியுஸ் வழி போதகர்கள் சுமார் இருநூறு பேர் பதவி இழந்தார்கள். சங்கம் முடிந்தது 1619 மே 29. மறுநாள், மே 30 அன்று, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் யான் பீட்டர்சூன் கூன் ஜகார்த்தாவைத் தாக்கிப் பிடித்தார். இரண்டும் அடுத்தடுத்த நாட்களில் நடந்தது தற்செயல்தான். ஆனால் அந்தத் தீர்ப்பு இந்தக் கம்பெனியின் கப்பல்களில்தான் நம் கடல்களுக்கு வந்தது.

தோர்த் சங்கத்தின் மேசைக்குக் கிழக்கிலிருந்தே ஒரு கேள்வி போயிருந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கம்பெனியின் கிழக்கிந்தியக் குடியேற்றங்களில் கிறிஸ்தவர் வீடுகளில் அடிமைகளுக்குப் பிள்ளைகள் பிறக்கின்றன, பெற்றோர் கிறிஸ்தவரல்லர், அந்தப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்பதே கேள்வி. நீண்ட விவாதம் நடந்தது. வயது வந்து, போதனை பெற்று, தாமே அறிக்கையிடும் வரை கொடுக்கக் கூடாது என்பது முடிவு. ஞானஸ்நானம் பெற்றவரை அடிமையாக விற்கக் கூடாது என்ற கருத்தும் அங்கே எழுந்தது. மனித சித்தத்தால் ஒன்றும் ஆகாது என்று எழுதிய அதே சபை, அடிமையின் பிள்ளை தன் வாயால் சம்மதம் சொல்லும் வரை காத்திருக்கச் சொன்னது. அது வெறும் எச்சரிக்கையாகவும் இருந்திருக்கலாம். சொந்தமாகத் தீர்மானிக்க ஒன்றுமே இல்லாத பிள்ளைக்கு அந்த ஒரு தீர்மானத்தையாவது விட்டுவைத்தது என்றும் படிக்கலாம். இரண்டாவது வாசிப்பே இக்கட்டுரைக்கு உவப்பு. ஆனால் கம்பெனி மலாக்காவில் அடிமை வைத்திருப்பதை விடவில்லை. பட்டினத்து வீடுகளில் அடிமைகள் நிறையவே இருந்தார்கள்.

தமிழருக்கு இந்தச் சண்டை புதிதல்ல. தோர்த்துக்கு மூன்று நூற்றாண்டு முன்னால் காஞ்சியிலும் திருவரங்கத்திலும் வைணவ ஆசாரியர்கள் இதே கேள்வியில் பிரிந்து நின்றார்கள். வேதாந்த தேசிகர் வழி வந்த வடகலையார், தாயின் வயிற்றைக் குரங்குக்குட்டி இறுகப் பற்றுவது போல் அடியவனும் தன் பங்குக்குப் பற்ற வேண்டும் என்றனர். பிள்ளை லோகாசாரியர் வழி வந்த தென்கலையாரோ பூனைக்குட்டியைக் காட்டினர். அது ஒன்றும் செய்வதில்லை. தாய்தான் வாயில் கவ்விக்கொண்டு போகிறது. ஜெர்மன் அறிஞர் ருடால்ஃப் ஓட்டோ இருபதாம் நூற்றாண்டில் இந்த வைணவ அருட்கொள்கையைக் கிறிஸ்தவத்தோடு ஒப்பிட்டுத் தனி நூலே எழுதினார். தோர்த்தின் தீர்ப்பைக் கேட்ட தமிழ்க் காது அதைத் தென்கலைப் பேச்சென்று எளிதாக அடையாளம் கண்டிருக்கும்.

டச்சுக்காரர் கத்தோலிக்க வழிபாட்டை மலாக்காவில் ஒடுக்கினார்கள். குருக்கள் மறைந்து திரிந்தார்கள். கெடுபிடி தளர்ந்த பின் 1710ல் எழுந்த புனித பேதுரு ஆலயம் இன்றும் மலேசியாவில் வழிபாடு நடக்கும் மிகப் பழைய கத்தோலிக்கக் கோயில். சிவப்புச் சதுக்கத்தில் சுற்றுலாக்காரர்கள் படமெடுத்துக்கொள்ளும் கிறிஸ்து ஆலயம் டச்சு ஆட்சியின் நூற்றாண்டு நினைவாக 1741ல் தொடங்கி 1753ல் முடிந்தது. ஆங்கிலேயர் வந்த பின் அது ஆங்கிலிக்கன் ஆலயமாயிற்று. 1838ல் அதை அபிஷேகம் செய்தவர் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன். தஞ்சைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் இந்தப் பெயரை மறக்க மாட்டார்கள். திருச்சபைக்குள் சாதிப் பிரிவினை அறவே கூடாது என்று 1833ல் ஆணையிட்டவர் அவர். அதுவரை சாதியை நாட்டு வழக்கமென்று பொறுத்துப்போன மிஷனரிகள் இருந்தார்கள். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் போன்ற பெரும் புலவரே சாதி ஆசாரத்தின் பக்கம் நின்று வாதாடினார். தனிமனிதன் செய்தால்தான் பாவமா, ஊரே கூடிக் காலங்காலமாகச் செய்வது பாவத்தில் சேராதா என்ற கேள்வி அப்போதே தமிழ்ச் சபைகளின் வாசலில் வந்து நின்றுவிட்டது.

லுத்தரின் குரல் தமிழுக்கு வந்த வழி வேறு. 1706 ஜூலையில் சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். சீகன்பால்கு தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டதோடு நிற்கவில்லை. தமிழ்நாட்டுப் பெரியவர்களுக்குக் கடிதம் எழுதி, பாவம் என்றால் என்ன, அது எப்படித் தீரும் என்பது போன்ற கேள்விகளைக் கேட்டுப் பதில் வாங்கி, அவற்றை ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பினார். எங்களைப் பாவிகள் என்கிறீர்கள், உங்கள் கிறிஸ்தவர்கள் குடித்துவிட்டுத் தெருவில் உருளுகிறார்களே என்று தமிழர்கள் முகத்துக்கு நேராகக் கேட்டதையும் அவர் மறைக்கவில்லை. லுத்தரர்களை மறுத்து எழுத வீரமாமுனிவரே இறங்கினார். அவருடைய வேதவிளக்கம் அந்தப் போரில் பிறந்த உரைநடை. அந்தத் தரங்கம்பாடி மரபில் வந்த தமிழ் லுத்தரர்கள் பின்னாளில் மலாயாவுக்கும் வந்து, 1907 முதல் தங்களுக்கென்று சபை கட்டிக்கொண்டார்கள்.

மெதடிஸ்ட் சபை வந்த வழி இன்னொன்று. அதன் கதைதான் தோட்டத்துக்கு மிக நெருக்கம். அருள் எல்லார்க்கும் இலவசம், யாரையும் கடவுள் முன்கூட்டியே கழித்துக்கட்டவில்லை என்று 1739ல் பிரிஸ்டலில் ஜான் வெஸ்லி பிரசங்கித்தார். ஆர்மீனியுஸின் குரல் இங்கிலாந்தில் மறுபடி எழுந்தது என்றே சொல்லலாம். அவருடைய நண்பரும் பெரும் பிரசங்கியுமான ஜார்ஜ் ஒயிட்ஃபீல்ட் தோர்த் வழிக்காரர், இருவரும் பிரிந்தார்கள். பிரிவு ஏட்டோடு நிற்கவில்லை. ஒயிட்ஃபீல்ட் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் அடிமை முறையைச் சட்டமாக்க வேண்டும் என்று வாதாடினார். வெஸ்லி 1774ல் அடிமை முறையைக் கண்டித்துச் சிறுநூல் எழுதினார். இதை வைத்துக் கொள்கைக்கும் கொடுமைக்கும் நேர்க்கோடு போட்டுவிடக் கூடாது. அடிமை வணிகத்தை எதிர்த்த ஜான் நியூட்டன் முன்தேர்வை நம்பியவர்தான். ஆனாலும் எல்லார்க்கும் கதவு திறந்திருக்கிறது என்று நம்புகிறவனுக்கு, ஒரு மனிதனைச் சங்கிலியில் பார்ப்பது கூடுதலாக உறுத்தியிருக்க வேண்டும். இந்த மரபைச் சிங்கப்பூரில் 1885ல் நட்ட வில்லியம் ஓல்டம் பெங்களூரில் பிறந்தவர். நில அளவையாளராக வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது மனம் திரும்பியவர்.

ஓல்டம் வந்து பதினோரு ஆண்டில் ஜாசின் வட்டாரத்தின் தலையெழுத்தே மாறியது. மலாக்காச் சீனத் தொழிலதிபர் டான் சாய் யான் 1896ல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டுப் பார்த்தார். அது தேறியதும் 1898ல் குனோங் லேடாங் மலையடியில் புக்கிட் ஆசஹானில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் பயிரிட இறங்கினார். மரவள்ளி விளைந்த மண்ணில் கித்தா மரம் வேர்விட்டது. ஆசஹான், கெசாங், மெர்லிமாவ், செர்காம் என்று தோட்டங்கள் விரிய விரிய, மரம் வெட்டத் தமிழர்கள் கப்பலில் வந்தார்கள். சஞ்சிக்கூலி ஒப்பந்தம் மலாயாவில் 1910 வரை இருந்தது. கைநாட்டு வைத்தவன் தவணை முடியுமுன் ஓடினால் சிறை. அதன் பின் கங்காணி முறை. முன்பணக் கடன்தான் கயிறு. 1938ல் இந்திய அரசு தடை போடும் வரை அதுவும் நீடித்தது.

இந்த மனிதனிடம் போய்ச் சுயாதீன சித்தத்தைப் பற்றி என்ன பேசுவது? விடிவதற்கு முன் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்க வேண்டும். எந்த நிரை, எத்தனை மரம் என்பது கங்காணி சொல்வது. காய்ச்சல் என்றால் மருந்துக்காரர் நம்ப வேண்டும். வீடு தோட்டத்துடையது, வேலை போனால் கூரையும் போகும்.

ஆனாலும் தோட்டத்துக் கத்தோலிக்கர் நடுவே பாவசங்கீர்த்தனம் நடந்துகொண்டுதான் இருந்தது. குருவானவர் தோட்டம் தோட்டமாகச் சுற்றி வருவார். இடையில் உள்ள ஞாயிறுகளில் செபம் சொல்லித்தருவது உபதேசியார் பொறுப்பு. தவக்காலம் விபூதிப் புதனில் தொடங்கும். போன ஆண்டு குருத்தோலை ஞாயிற்றில் மந்திரித்துக் கொடுத்த ஓலைகள் சுவர்ச் சிலுவையில் காய்ந்து பழுத்திருக்கும். அவற்றைச் சேர்த்து எரித்த சாம்பலில்தான் நெற்றியில் சிலுவை விழும். சாமியார் வரும் நாளில் பூசைக்கு முன் வரிசை நிற்கும். பால்வெட்டும் பெண் கைகளில் காய்ந்த பால் ஒட்டியபடி முழங்காலிடுவாள். தோட்டத்தில் அவள் பேரேட்டில் ஓர் எண். அங்கே அவள் சொல்வதை ஒரு மனிதர் குறுக்கே பேசாமல் கேட்டார். நீ செய்தாய் என்பதற்கு, நீ செய்யாமலும் இருந்திருக்கலாம் என்றும் பொருள். நாள் முழுக்க அடுத்தவர் ஏவலில் நடந்தவளுக்கு அந்த நிமிடம் குற்றச்சாட்டு மட்டுமல்ல, மரியாதையும்கூட.

ஜப்பானியர் சவேரியாரிடம் கேட்ட கேள்வி லயத்திலும் இருந்தது. மகன் மாதா கோயிலுக்குப் போவான், ஆத்தாள் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பாள். ஆத்தாள் செத்தால் எங்கே போவாள்? சவேரியாரால் 1552ல் சொல்ல முடியாத ஆறுதலைக் கத்தோலிக்கத் திருச்சபை 1964ல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், எழுதியது. தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாமல், மனசாட்சி காட்டிய வழியில் அருளின் துணையோடு நடப்பவர்களும் மீட்புப் பெற முடியும் என்றது. நானூறு ஆண்டு பிடித்தது. லயத்துக்காரர்கள் அதுவரை காத்திருக்கவில்லை. ஆத்தாளுக்காகவும் செபமாலை சொன்னார்கள்.

கள் விஷயத்தில்தான் பாவம் பற்றிய போதனை தடுமாறியது. மேடைக்கு மேடை குடியைக் கண்டித்தார்கள். மெதடிஸ்டுகள் இதில் இன்னும் கறார். குடித்தவன் மனந்திரும்ப வேண்டும், சரி. ஆனால் கள்ளுக்கடை இருந்தது தோட்டத்துக்குள்ளேயே, லயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், அரசு உரிமத்தோடு. சம்பளம் கொடுத்த கை அதில் ஒரு பங்கைக் கள்ளுக்கடை வழியாகத் திரும்ப வாங்கிக்கொண்டது. 1941ல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர்.எச்.நாதன் போன்றோர் தலைமையில் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு கள்ளுக்கடையை மூடு என்பதையும் கோரிக்கையாக வைத்தார்கள். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அதில் ஒன்று. நாதனைச் சிறைபிடித்து நாடு கடத்தினார்கள். படை வந்து சுட்டதில் தொழிலாளர்கள் மாண்டார்கள். கள்ளுக்கடையைப் பாவமென்று சரியாக இடம் சுட்டிக் காட்டியது அந்த ஆண்டு பிரசங்க பீடமல்ல, அந்தக் கோரிக்கைப் பட்டியல்தான்.

மேலே சபைகள் ஒருவழியாக இணக்கம் கண்டன. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்கில் கத்தோலிக்கரும் லுத்தரரும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். மனிதன் மீட்கப்படுவது அருளால், தன் புண்ணியத்தால் அல்ல என்பதில் இரு தரப்புக்கும் அடிப்படை வேறுபாடில்லை என்றார்கள். 2006ல் மெதடிஸ்டுகளும் 2017ல் தோர்த் வழி வந்த சீர்திருத்த சபைகளும் அதில் சேர்ந்தன. ஒரு காலத்தில் இதற்காகப் போதகர்களைத் துரத்தியவர்களின் பேரப்பிள்ளைகள் ஒரே தாளில் கையெழுத்திட்டது பெரிய காரியம்தான்.

அதற்குள் ஜாசின் வட்டாரம் வேறு முகம் கொண்டுவிட்டது. தோட்டத் துண்டாடலிலும், கித்தா போய்ச் செம்பனை வந்ததிலும் லயங்கள் காலியாகின. ஜனங்கள் ஜாசின், பெம்பான், மெர்லிமாவ் தாமான் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்து தொழிற்சாலைப் பேருந்து ஏறினார்கள். பெந்தெகொஸ்தே சபைகள் தமிழர் நடுவே பெருகின. அங்கே இப்போது சூடாகப் பேசப்படுவது ஒன்று உண்டு. ஞானஸ்நானம் எடுத்து, குடியை விட்டு, சாட்சி சொன்னவன் இரண்டு ஆண்டு கழித்து மறுபடி பாட்டிலைத் தொட்டால் அவன் இரட்சிப்பு என்ன ஆகும்? ஒருமுறை பெற்றால் என்றைக்கும் உண்டு என்கிறார் ஒருவர். விழுந்தால் போச்சு, மறுபடி மனந்திரும்பித்தான் ஆக வேண்டும் என்கிறார் இன்னொருவர். வீட்டுக் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போதும் பேச்சு ஓயாது. பேசுகிறவர்களுள் ஒருவருடைய அண்ணனோ மகனோ அப்படி விழுந்தவராக இருப்பார். அவர்கள் கேட்பது ஆர்மீனியுஸ் வழியினர் 1610ல் எழுதிய முறையீட்டின் ஐந்தாம் பிரிவு. விசுவாசி ஒருவன் பெற்ற அருளை இழந்துபோகக் கூடுமா என்பதை மட்டும் அவர்கள் அங்கே தீர்மானிக்கவில்லை. வேதத்தை இன்னும் ஆராய்ந்து உறுதி செய்துகொண்ட பிறகே இதை மக்களுக்குப் போதிக்க முடியும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.